சாட்டம் கயிற்றுக்கூடத்தாருக்கும் கப்பல்களைக் காப்போருக்கும் நன்றி

அன்புடையீர்,

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் மெட்வே ஆற்றங்கரையில் இருக்கும் சாட்டம் கடற்படைக் கப்பல்தளம் 1984 மார்ச் 31-இல் மூடப்பட்டது. அதன் பழைய பகுதி, 80 ஏக்கர், ஓர் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. கட்டடங்களைப் பூட்டி, வாசலில் விளக்கப் பலகை மாட்டினாலே பாதுகாத்ததாகக் கணக்கு முடிந்திருக்கும். நீங்கள் கயிறு திரிப்பதை நிறுத்தவில்லை. கப்பல் வரலாற்றைத் தமிழில் படித்தும் எழுதியும் வருகிற நாங்கள் இந்த மடலை எழுதுவது முதலில் அதற்காகத்தான்.

சாட்டத்தில் 1618 முதல் கயிறு திரிக்கிறார்கள். இப்போதைய செங்கல் கூடம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. நீளம் 346 மீட்டர். இவ்வளவு நீளம் பெருமைக்காக அல்ல. இழையாக நீட்டியது புரியாகி, புரி கயிறாகி முடிவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீளத்தை முறுக்கு விழுங்கிவிடும். ஒட்டில்லாமல் 120 பாகம், அதாவது 220 மீட்டர் கயிறு வேண்டுமென்றால் கூடம் இவ்வளவு நீண்டே ஆகவேண்டும். கூடத்தில் பாதியை இடித்திருந்தால் பாதி அளவுக் கயிறுதான் வரும். அந்தக் கூடத்தை முழுசாகக் காத்ததால்தான் தொழிலும் முழுசாக இருக்கிறது.

கயிறு திரிக்கும் கைகளுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஓர் இயந்திரம் ஓடும் காட்சி. எங்கே தப்பு நேரும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் உங்கள் வேலையின் அருமை புரியும்.

இழைச்சுருள்களை வரிசையாகச் சட்டத்தில் ஏற்றுகிறீர்கள். ஒவ்வோர் இழையும் ஓர் உலோகத் தகட்டின் துளை வழியாகப் போகிறது. துளைகள் வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும். பிறகு எல்லா இழைகளும் ஒரு குழாய்க்குள் நெருங்கி, தண்டவாளத்தில் பின்வாங்கும் வண்டியின் கொக்கியில் முறுக்கேறிப் புரியாகின்றன. புரியின் வெளிப்புற இழை சுற்றிக்கொண்டு போவதால் அதற்கு நீளம் அதிகம் வேண்டும். நடு இழைக்குக் குறைவாகப் போதும். பழைய முறையில் எல்லா இழைகளையும் ஒரே அளவாக வெட்டி முறுக்கினார்கள். அதனால் வெளி இழைகள் மட்டும் விறைத்துப் பாரம் சுமந்தன, உள்ளிருப்பவை தளர்ந்து கிடந்தன. இழுவை வந்ததும் வெளி இழை முதலில் அறுந்தது. இழை ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய நீளத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவராக இருந்த ஜோசப் ஹடார்ட் 1793-இல் காப்புரிமை வாங்கினார். 1811-ஆம் ஆண்டுக் காலத்து இயந்திரங்களை நீங்கள் இன்றும் எண்ணெய் போட்டு ஓட்டுகிறீர்கள். அதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அடுத்தது புரிகளைக் கயிறாக்குவது. ஒரு முனையில் மூன்று புரிகள் மூன்று கொக்கிகளில். மறுமுனையில் மூன்றும் ஒரே கொக்கியில். இடையில் மூன்று காடி வெட்டிய மரக்கூம்பு. கொக்கிகள் சுழலச் சுழல, கூம்புக்குப் பின்னால் புரிகள் ஒன்றையொன்று தழுவிக் கயிறாகின்றன, கூம்பு முன்னே தள்ளப்பட்டுப் போகிறது. கூம்பில் கட்டித் தொங்கும் வால்கயிறுகளைப் புதுக்கயிற்றின் மேல் எத்தனை சுற்று சுற்றுவது, எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. தளர்ந்தால் கூம்பு ஓடிவிடும், முறுக்கு நீண்டு கயிறு தொளதொளவென்று இருக்கும். மிகையாக இறுக்கினால் கயிறு கழிபோல விறைத்து, மடங்க மறுத்து, வலுவும் குறையும். மூன்று புரிகளில் ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் அது மற்ற இரண்டின் மேல் திருகாணிபோல ஏறி நிற்கும். பாரம் முழுவதும் அந்த இரண்டின் மேல் விழும். இதையெல்லாம் ஏட்டில் எழுதிவைக்கலாம், நாங்களும் எழுதியிருக்கிறோம். கயிற்றைத் தொட்டு இறுக்கத்தைச் சொல்லும் உள்ளங்கையை ஏட்டில் எழுத முடியாது. ஒருவர் ஓய்வுபெறுமுன் இன்னொருவர் பக்கத்தில் நின்று பழகவேண்டும். விற்பதற்காகத் திரிப்பதால்தான் அப்படிப் பழக நாள்தோறும் வேலை இருக்கிறது.

முறுக்கின் திசையும் அப்படித்தான். இழை வலமென்றால் புரி இடம், கயிறு மறுபடி வலம். ஒன்று பிரியப் பார்க்கும்போது அடுத்தது அதைப் பிடித்துக்கொள்கிறது. அத்தகைய கயிறுகள் மூன்றைச் சேர்த்து மீண்டும் இடமாகத் திரித்தால் அது வடம். நெல்சனின் போர்க்கப்பலான விக்டரியின் நங்கூர வடம் 24 அங்குலச் சுற்றளவு. குறுக்களவில் 19 சென்டிமீட்டர், தேர்வடம் இழுத்த கைக்கே மலைப்பு வரும். நீராவி இயந்திரம் வருவதற்கு முன் 20 அங்குல வடம் ஒன்றைத் திரிக்க 200 பேருக்கு மேல் வேண்டியிருந்தது.

பார்வையாளர்களுக்கு நார் சீவுவதையும் இழை நூற்பதையும் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்களுக்கும் எங்கள் வணக்கம். கஞ்சாச் செடி இனத்தின் தண்டு நாரை முள்பலகையில் எண்ணெய் தொட்டுச் சீவி, இடுப்பில் சுற்றிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே நூற்ற கதை அது. தென்னைநார் ராட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பின்னோக்கு நடை புதிதல்ல. நார்த்தூசியும், கயிறு மட்காமலிருக்க இழையில் ஏற்றும் தாரும் சேர்ந்த இடத்தில் ஒரு பொறி போதும். இன்னொரு கடற்படைக் கப்பல்தளமான போர்ட்ஸ்மவுத்தின் கயிற்றுக்கூடத்துக்கு 1776-இல் ஒருவன் தீ வைத்தான். தார் காய்ச்சும் இடம் ஏன் தனியே இருந்தது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. அரசாங்கக் கயிறு திருடுபோனால் அடையாளம் காட்டுவதற்காக நடுவே வேறுபட்ட ஓர் இழையை ஓடவிட்ட வழக்கத்தையும் சிறுவர்களுக்கு நீங்கள் காட்டுகிறீர்கள். அவர்கள் மறக்கமாட்டார்கள்.

உலர்தளங்களில், அதாவது நீரை வெளியேற்றிக் கப்பலை நிறுத்தும் பள்ளங்களில், நிற்கும் கப்பல்களைக் காப்பவர்களுக்கும் நன்றி. 1759-இல் விக்டரிக்கு அடிமரம் போட்ட அதே இடத்தில் இப்போது கவாலியர் நிற்கிறது; 1944-இல் கடலுக்கு வந்த எஃகு நாசகாரிக் கப்பல். முன்னும் பின்னும் பற்றவைப்பு, நடுவில் தறையாணி. இப்படிப்பட்ட உடலில் துரு வெளியிலிருந்து வருவதைவிட உள்ளிருந்துதான் அதிகம் வரும்: தளவிரிப்பின் அடியில், மூலைகளில், நீர் தேங்கும் இடங்களில். துருவின் மேல் பெயின்ட் அடித்தால் சில மாதம் அழகாக இருக்கும். அடியில் அது பரவிக்கொண்டே போகும். ஆகவே சுத்தியால் தட்டி, பொருக்கைப் பெயர்த்து, பளபளக்கும் எஃகு தெரியும்வரை சுரண்டி, உப்பைக் கழுவி, காயவைத்து, மீண்டும் துரு படியுமுன் அன்றைக்கே முதல்பூச்சு கொடுக்கவேண்டும். விளிம்புகளிலும் ஆணித்தலைகளிலும் பூச்சு மெலிந்துவிடும் என்பதால் அங்கே தூரிகையால் தனியாக ஒரு கோடு. பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்பதால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, குனிந்தபடி செய்யவேண்டிய வேலை. ஒரு முனையில் முடிப்பதற்குள் மறுமுனையில் துரு தொடங்கிவிடும். சம்பளமில்லாமல் வாராவாரம் வந்து இதைச் செய்பவர்கள் இருப்பதால்தான், இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய 142 பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்களின் நினைவாக அது அங்கே நிற்கிறது.

ஓசலாட் நீர்மூழ்கியின் வட்டக் கதவுகளுக்குள் ஒவ்வொருவரையும் தலை இடிக்காமல் குனியச் சொல்லிக் கூட்டிப்போகும் வழிகாட்டிகளையும் விடமாட்டோம். பிரிட்டிஷ் கடற்படைக்காகச் சாட்டம் கட்டிய கடைசிக் கப்பல் அது, 1962.

இன்னும் ஒரு நன்றி, மரத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. வண்டிச்சக்கரப் பட்டறையின் தரைக்குக் கீழே 1995-இல் ஒரு போர்க்கப்பலின் மரங்கள் கிடைத்தன. விறகென்று தள்ளிவிடாமல் தச்சர் குறிகளையும் வெட்டின் வடிவத்தையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு, அவை 1756-இல் அதே தளத்தில் மிதக்கவிட்ட நாமூர் கப்பலின் மரங்கள் என்று நிறுவினீர்கள். அடிமையாக இருந்து, பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையை எழுதிய ஒலாடா எக்குவியானோ வேலை செய்த கப்பல் அது. மரங்களை எடுத்துக் கண்ணாடிக்குள் அடுக்காமல், கிடந்த இடத்திலேயே, கிடந்தபடியே காட்டியது எங்கள் பார்வையில் மிகச் சரியான முடிவு.

மழைநாளில் நார்க்கயிறு நீர் குடித்துச் சுருங்கும், வெயிலில் தளரும் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த மழைக்குக் கப்பல்களின் கயிறுகளைத் தளர்த்திவிடப் போகிறவர்களுக்கும் இப்போதே நன்றி.

அன்புடன்,
கப்பல் வரலாற்று வாசகர்கள்