நாயோட தங்க வர்றவங்களுக்கு, ஏரி பத்தி கொஞ்சம்

வணக்கம். நம்ம லாட்ஜுக்கு போன் பண்றவங்க ரூம் எப்படி இருக்கும்னு கேக்கறதுக்கு முன்னாடியே "எங்க பையனை ஏரியில விடலாமா"ன்னுதான் கேக்கறீங்க. பெரும்பாலான நாள் விடலாம். சில நாள் மட்டும் கரையில போர்டு மாட்டி நாய் இறங்கக் கூடாதுன்னு சொல்லிடுவோம், அவ்ளோ தூரம் மலையேறி வந்து அதைப் பாத்தா கடுப்பாத்தான் இருக்கும், அதான் காரணத்தை முன்னாடியே எழுதிடறோம். கெளம்பற அன்னிக்கு காலையில ஒரு போன் அடிச்சு கேட்டுக்கிட்டா இன்னும் நல்லது.

வெயில் நல்லா அடிச்சு, காத்தே இல்லாம தண்ணி அசையாம கெடக்கற நாள்ல நீலப்பச்சைப் பாசி, அதாவது சயனோபாக்டீரியா, கிடுகிடுன்னு பெருகும். அப்புறம் லேசா காத்தடிச்சா போதும், பச்சை பெயின்ட் கொட்டின மாதிரி ஒரு பக்கக் கரையில வந்து ஒதுங்கிடும். இதுல சில வகை விஷத்தை உண்டாக்கும், ஈரலைத் தாக்கறதும் இருக்கு, நரம்பைத் தாக்கறதும் இருக்கு. நாம அந்தத் தண்ணியப் பாத்தாலே ஒதுங்கிடுவோம், நாய் நீந்திக்கிட்டே குடிக்கும், கரையேறினதும் ஒடம்பை நக்கி ரோமத்துல ஒட்டினதையும் உள்ள தள்ளிடும். வாந்தி, எச்சில் ஒழுகறது, தள்ளாட்டம், வலிப்புன்னு போய் சில மணி நேரத்துல உயிரே போயிடலாம், மாத்து மருந்தும் கிடையாது. எதுல விஷம் இருக்குன்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது, அதனால சந்தேகம் வந்தாலே மூடிடுவோம். தப்பித்தவறி எறங்கிட்டா நக்க விடாம நல்ல தண்ணியில அலசிட்டு நேரா டாக்டர்கிட்ட ஓடணும், ஏதாவது ஆகுதான்னு பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது.

ஆய் அள்றதும் இதோட சேந்ததுதான். மண்ணோட மண்ணாப் போயிடும்னு சிலர் விட்டுட்டு வந்துடறாங்க. மழை பெஞ்சா அது ஏரிக்குத்தான் போகும், அதுல இருக்கற பாஸ்பரஸும் நைட்ரஜனும் அந்தப் பாசிக்கு உரம். கவர் ரிசப்ஷன்ல இருக்கு, எவ்ளோ வேணா எடுத்துக்கங்க, அள்ளிக் கட்டின கவரை மரக்கிளையில தொங்க விட்டுட்டு மட்டும் போயிடாதீங்க (அது ஏன்னு எங்களுக்கு இன்னமும் புரியல).

மலை ஏரி மேலாப்புலதான் வெதுவெதுன்னு இருக்கும், கொஞ்சம் கீழ போனா சில்லுன்னு இருக்கும். பந்தை நடுத்தண்ணிக்கு வீசாதீங்க, களைச்சாலும் பந்தை விட்டுட்டு திரும்பற ஜென்மம் இல்ல அது. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு நீச்சல் கஷ்டம், லைஃப் ஜாக்கெட் போட்டுடுங்க. கரைப் புல்லுல தரையிலயே கூடு கட்ற பறவைங்க இருக்கு, அதனால அங்க பெல்ட்டைக் கழட்டாதீங்க.

திரும்பி வந்ததும் காதுக்குள்ள, விரலிடுக்குல, காலருக்குக் கீழ உண்ணி இருக்கான்னு தடவிப் பாருங்க. இருந்தா ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மெதுவா இழுக்கணும். எண்ணெய் ஊத்தறது, சூடு காட்டறதெல்லாம் வேண்டாம்.

ரூம்ல தனியா பூட்டிட்டுப் போகாதீங்க, புது இடத்துல பயந்துக்கிட்டு குரைக்கும், கதவைப் பிராண்டும். வீட்டுல அது படுக்கற பழைய பெட்ஷீட்டையே துவைக்காம எடுத்துட்டு வாங்க, அந்த வாசனைக்கே பாதி அடங்கிடும். வாக்சின் புக்கும் வேணும். ரேபிஸ் ஊசி முதல் தடவையா போடறீங்கன்னா வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடியே போட்டுடுங்க, எலிக்காய்ச்சலுக்கான ஊசி பத்தியும் அப்பவே டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.