காரைக்கால் அம்மையாரை மாம்பழக் கதையோடு நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கும் சமயத்தில் இங்கே மலேசியாவிலும் அம்மையார் கதையைச் சொல்கிறோம். மாம்பழம், மிரண்டு ஓடிய கணவன், பேய் உருவம், தலையால் கயிலை ஏறியது என்று கதை முடிந்துவிடும். அது சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் பாடியது. அம்மையார் தாமே பாடியவை 143 பாடல்கள். அவற்றில் மாம்பழமும் இல்லை, கணவன் பரமதத்தனும் இல்லை. சிவனடியார்களான நாயன்மார் 63 பேரில் பெண்கள் மூவர். அம்மூவரில் பாடல் விட்டுச் சென்றவர் இவர் ஒருவரே. தோட்டக் கோயில்களில் அவர் சிலைக்குப் பூச்சரம் சாத்தும் பெண்கள், அந்த 143 பாடல்களையும் இளமையில் ஒரு தடவை, குடும்பப் பாரம் ஏறிய பின் ஒரு தடவை, அறுபதுக்கு மேல் ஒரு தடவையாவது படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

படிக்கத் தொடங்குகிறவர்கள் பாதியில் விடுவதற்குப் பதிப்பின் வரிசையே முதல் காரணம். சைவப் பாடல் தொகுப்பான பதினோராம் திருமுறையில் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் (22 பாடல்) முன்னால் இருக்கும். அடுத்து திருவிரட்டை மணிமாலை (20). கடைசியில்தான் அற்புதத் திருவந்தாதி (101). புத்தகத்தைத் திறந்ததும் "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" என்று சுடுகாட்டுப் பெண்பேய் எதிரே நிற்கும். இருபது வயதுப் பெண் அங்கேயே மூடி வைத்துவிடுவாள். ஆகவே முதல் வாசிப்பை அந்தாதியில் தொடங்குங்கள். ஒரு வெண்பா முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்குவதால் மனப்பாடம் தானாக வரும். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் பத்துப் பாடல் என்று வைத்தால், பதினோராவது வெள்ளியில் மிஞ்சுவது ஒரே பாடல்.

வெண்பாவின் இரண்டாம் அடியில் கோடு போட்டு நிற்கும் தனிச்சொல்லைக் கவனிக்க வேண்டும். "சேர்ந்தேன் - நிறந்திகழும்" என்ற இடத்தில் கோட்டுக்கு முன் மூச்சு விட வேண்டும். "நிறந்திகழும்" அடுத்த அடியின் "மைஞ்ஞான்ற கண்டத்து" என்பதோடு சேரும். சொல்லுக்குப் பின் நிறுத்தினால் பொருள் உடைந்துபோகும். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்கும் பதம் பிரித்த பதிப்பு இருந்தால் முக்கால்வாசி புரியும். முதலில் வாய்விட்டு இரண்டு முறை, பிறகு பதம் பிரித்து ஒரு முறை, அதற்கும் பிறகே உரை. உரையை முன்னால் படித்தால் உரையாசிரியரின் பக்திதான் மனத்தில் நிற்கும், அம்மையாரின் கோபம் தப்பிவிடும்.

கோபம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். முதல் வெண்பா சிவனை நோக்கி "எஞ்ஞான்று தீர்ப்பது இடர்" (என் துன்பத்தை என்று தீர்ப்பாய்) என்று கேள்வியில் முடிகிறது. இரண்டாவது, "இடர் களையாரேனும், எமக்கு இரங்காரேனும்" என் அன்பு அறாது என்கிறது. மூன்றாவது, ஏழு பிறப்புக்கும் அவருக்கே ஆள் என்கிறது. நான்காவதோ, "ஆளானோம் அல்லல் அறிய முறையிட்டால் கேளாதது என்கொலோ" என்று நேருக்கு நேர் கேட்கிறது. இளம் வயதில் மூன்றாம் பாடல்தான் இனிக்கும். பிள்ளைகளையும் படுக்கையில் கிடக்கும் மாமியாரையும் ஒரே சம்பளத்தில் பார்த்துக்கொள்கிற வயதில் நான்காம் பாடல் எழுந்து நிற்கும். இந்த நான்கையும் தனித்தனியே பிய்த்துத் துதியாக மட்டும் பாடுவது அம்மையாருக்குச் செய்யும் குறை. நெஞ்சு தளர்ந்திருக்கும் நாளுக்கு இரட்டை மணிமாலையின் முதல் பாட்டு, "கிளர்ந்துந்து வெந்துயர்", போதும்.

மூத்த பதிகங்களை அறுபதுக்கு மேல் படியுங்கள். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு. முதுமை எய்திய உடம்பை ஒரு பெண்ணே ஒளிக்காமல் பாடி, அந்த உடம்போடு சிவனின் ஆட்டத்தின் அருகே போய் நிற்கிறார். பாட்டின் முடிவில் தம்மைக் "காரைக்கால் பேய்" என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். பழைய அழகு போயிற்றே என்ற ஏக்கம் ஓரிடத்திலும் இல்லை. முதல் பதிகத்துக்கு நட்டபாடை, இரண்டாவதற்கு இந்தளம் என்று பண் (பாடும் இராகம்) உண்டு. திருமுறை பாடும் ஓதுவார் வரும் கோயிலில் கேட்டுக் கற்கலாம்.

ஒவ்வொரு வாசிப்பிலும் மனத்தில் தைத்த பாடலுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஆண்டை மட்டும் எழுதுங்கள். மை வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் பின்பக்கம் ஊறிவிடும். பழைய குறிப்பை முன்கூட்டிப் பார்க்காதீர்கள், பார்த்தால் அன்று பிடித்ததே இன்றும் பிடிக்கும்.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். ஆன்மிகப் பக்கத்தில் வாரம் ஓர் அந்தாதி வெண்பாவைப் பதம் பிரித்து, அருஞ்சொற்பொருளோடு, வயதானவர்கள் கண்ணாடியில்லாமல் படிக்கும் அளவு எழுத்தில் வெளியிடுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் 101 பாடலும் முடிந்துவிடும். வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ள இங்கே பெண்கள் இருக்கிறார்கள்.

வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்