காசு கொடுத்தவருக்குப் பூட்டு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் திருட்டு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்தவர்களுக்குக் காசு போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நகல் எடுக்க விடாமல் தடுக்கும் பூட்டு இல்லாமல் வீடியோ கேம் விற்கும் கடைகள் திருட்டுக்குத் துணைபோகின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்ததைப் பார்த்து வருந்தினேன். அப்படிப்பட்ட கடையில் பல ஆண்டுகளாகக் காசு கொடுத்து வாங்குகிறவன் நான். அந்தக் கடைகள் மீது எங்களுக்கு இருக்கும் பற்றுக்குக் காரணம் வேறு.

2008 செப்டம்பரில் 'ஸ்போர்' என்ற கேம் பெரும் எதிர்பார்ப்போடு வெளியானது. விலை கொடுத்து வாங்கியவர் அதை மூன்று முறைதான் இன்ஸ்டால் செய்து உரிமம் பெறலாம்; அதற்கு மேல் நிறுவனத்திடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். கொதித்துப்போனவர்கள் அமேசான் தளத்தில் ஆயிரக்கணக்கில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். இத்தனை கெடுபிடியால் திருட்டு நின்றதா என்றால், அந்த ஆண்டு அதிகம் திருடப்பட்ட கேம்களில் அதுவும் ஒன்று. பூட்டை உடைத்த நகலை இறக்கியவருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. 2010-இல் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் ஒரு படி மேலே போய், தனியாக ஆடும் கேமுக்கும் இடைவிடாத இணைய இணைப்பு வேண்டும் என்றது. அந்த மார்ச் மாதமே அதன் சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாகி முடங்கியபோது, 'அசாசின்ஸ் கிரீட் 2' வாங்கியவர்கள் சொந்த கேமுக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரரை வாசலில் நிறுத்திக் கதவைப் பூட்டிய கதைதான் இது.

ஸ்போர் வெளியான அதே செப்டம்பரில்தான் போலந்தில் ஜிஓஜி என்ற இணையக் கடை சோதனை ஓட்டமாகத் திறக்கப்பட்டது. நடத்தியது வார்சாவின் சிடி புரொஜெக்ட் நிறுவனம். திருட்டைப் பற்றித் தெரியாத அப்பாவிகள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. 1994-இல் பள்ளித் தோழர்கள் இருவர் அந்த நிறுவனத்தைத் தொடங்கியபோது, போலந்தின் சந்தைகளில் திருட்டு நகல்கள்தான் கொடிகட்டிப் பறந்தன. 1999-இல் 'பால்டர்ஸ் கேட்' கேமை அவர்கள் தங்கள் நாட்டில் வெளியிட்ட விதத்தைப் பாருங்கள். புகழ்பெற்ற நடிகர்களைக் கொண்டு முழுவதும் போலிஷ் மொழியில் குரல் கொடுக்க வைத்தார்கள். பெட்டிக்குள் வரைபடம், கையேடு, இசைத்தட்டு என்று நிரப்பினார்கள். சந்தையில் கிடைக்கும் வெறும் தட்டைவிட இது எவ்வளவோ மேல் என்று வாங்குகிறவரே உணரும்படி செய்தார்கள். திருட்டை வெல்லும் வழி அதைவிட நல்ல பொருளைக் கொடுப்பதுதான் என்பதை அவர்கள் வியாபாரத்தில் அடிபட்டுக் கற்றவர்கள்.

ஜிஓஜியில் ஒரு கேம் வாங்கினால் நடப்பது இதுதான். பணம் கட்டியதும் நம் கணக்கின் நூலகப் பக்கத்தில் இன்ஸ்டாலர் கோப்புகள் வந்து நிற்கும். பெரிய கேமாக இருந்தால் பல துண்டுகளாக இருக்கும். இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொள்ளலாம். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு இன்ஸ்டால் செய்தாலும் கேம் ஓடும். யாரிடமும் அனுமதி கேட்காது. பழைய கேம் என்றால் அச்சுக் கையேட்டின் பிடிஎஃப், பின்னணி இசை, சுவரொட்டிப் படம் எல்லாம் பெரும்பாலும் கூடவே வரும். அந்தக் காலத்தில், அசல் வாங்கியவர்தானா என்று சோதிக்க, கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் உள்ள சொல்லைத் தட்டச்சு செய் என்று கேட்டு வாசலிலேயே மறித்த கேம்கள் உண்டு. அந்தக் கையேட்டையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய மரியாதையாகப் படுகிறது.

பூட்டை எடுத்துவிட்டால் மட்டும் பழைய கேம் ஓடிவிடாது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்துக் கேம்களை டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளோடு இணைத்து, இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து தருகிறார்கள். அதற்கும் முன்னால் உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டும். 'சிஸ்டம் ஷாக் 2' 1999-இல் வந்தது. அதை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் நிறுவனம் அடுத்த ஆண்டே மூடப்பட்டு, உரிமை கடைசியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கையில் போய்ச் சேர்ந்தது. பல ஆண்டுகள் அந்த கேமை நியாயமான வழியில் புதிதாக வாங்க வழியே இல்லை. ஸ்டீபன் கிக் என்பவர் அதை மீண்டும் ஆட ஆசைப்பட்டு, அந்தக் காப்பீட்டு நிறுவனத்தையே அணுகிப் பேசி உரிமம் பெற்றார். 2013 பிப்ரவரியில் அது ஜிஓஜியில், பூட்டு இல்லாமல், விற்பனைக்கு வந்தது. அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கியவர்களில் எத்தனையோ பேர் அதுவரை திருட்டு நகலைத் தவிர வேறு கதியில்லாமல் இருந்தவர்கள். திருட்டைக் குறைத்தது யார் என்று கட்டுரையாளரே சொல்லட்டும்.

சிடியை வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பவருக்கும் நிம்மதி இல்லை. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது, 'சேஃப்டிஸ்க்' என்ற பூட்டு போட்ட தட்டுகள் அதில் ஓடாமல் போயின. கணினியின் அடிமட்டம் வரை ஊடுருவி உட்காரும் அந்தப் பூட்டே பாதுகாப்புக்கு ஆபத்து என்பதுதான் காரணம். தட்டில் கீறல் இல்லை, கேமில் குறை இல்லை; பூட்டு மட்டும் செத்துப்போனது. அப்படிப்பட்ட ஒரு தட்டு என் மேஜை இழுப்பறையிலும் இருக்கிறது. அதே கேமைப் பூட்டில்லாத கடையில் மறுபடி வாங்கித்தான் என் மகனுக்குக் காட்டினேன். இரண்டாவது முறை காசு கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

பெரிய புதிய கேமுக்கு இது சரிப்படாது என்று சிலர் சொல்வார்கள். சிடி புரொஜெக்ட் தானே உருவாக்கிய 'தி விட்சர் 2' 2011-இல் வெளியானபோது கடைகளில் விற்ற தட்டில் பூட்டு இருந்தது, ஜிஓஜி பதிப்பில் இல்லை. ஜிஓஜி பதிப்புதான் முதலில் திருடப்படும் என்று துறையில் பலரும் நினைத்தார்கள். முதலில் பரவியது பூட்டு போட்ட தட்டின் நகல்தான் என்று நிறுவனத்தாரே பின்னர் சொன்னார்கள். அடுத்த பாகத்தையும் 2015-இல் ஜிஓஜியில் பூட்டில்லாமலே விற்றார்கள். அது கோடிக்கணக்கில் விற்றது.

இந்தக் கடையைக் குறையே இல்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. 2021-இல் 'ஹிட்மேன்' கேமை அங்கே விற்பனைக்கு வைத்தார்கள். அதன் பல பகுதிகள் இணைய இணைப்பு இல்லாமல் திறக்கவில்லை. வாடிக்கையாளர்கள் விடவில்லை. கடைசியில் கடை அந்த கேமை எடுத்துவிட்டது. எங்கள் பற்று கண்மூடித்தனமானது அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அவர்கள் கொடுத்த வாக்குக்குத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம்.

2024 மார்ச் 31 அன்று 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேமின் சர்வர்கள் அணைக்கப்பட்டன. ஏறக்குறைய பத்தாண்டுகளுக்கு முன் முழு விலை கொடுத்து வாங்கியவர்கள்கூடத் தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க முடியாமல் போனது. இதை எதிர்த்து ஐரோப்பாவில் எழுந்த குடிமக்கள் மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அவர்கள் இலவசமாக எதையும் கேட்கவில்லை. வாங்கிய பொருள் வாங்கியவரிடம் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஜிஓஜியும், சிறு படைப்பாளிகளுக்கு இடம் கொடுக்கும் இட்ச் தளமும் அதைக் கேட்காமலே கொடுக்கின்றன.

தங்கள் பத்திரிகையை மதித்துப் படிக்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: அந்த ஒரு வரியைத் திருத்தி, அடுத்த இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கோயம்புத்தூர்