2090ன்னா இன்னா சார்?

திருவொற்றியூர்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய போட்டோவையும் பார்த்தோம், மூக்கு அப்படியே உங்க அம்மாதான். இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை.

ஜனங்கள் விஞ்ஞானிகளை நம்புவதில்லை, வாட்ஸப்பைத்தான் நம்புகிறார்கள் என்று சலித்துக்கொண்டிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லைடா. 68 நாடுகளில் எழுபதாயிரம் பேருக்கு மேல் கேட்டு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வை நீயும் பார்த்திருப்பாய். விஞ்ஞானிகள் மேலுள்ள நம்பிக்கைக்கு ஐந்துக்கு 3.62 மார்க். நம் நாடு முன்வரிசையில். ஆனால் விஞ்ஞானிகள் அடுத்தவர் கருத்தைக் காதில் வாங்குகிறார்கள் என்றவர்கள் 42 சதவீதம்தான். எனக்கு உறுத்துவது அந்த 42.

காசிமேட்டுப் போட்காரர்களையே எடுத்துக்கொள். ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் வழியாகக் கடலின் சூட்டையும் பச்சையத்தையும் பார்த்து மீன் கூடும் இடத்தைச் சொல்கிறது. கிடைத்தால் சிரிப்பார்கள், கிடைக்காவிட்டால் திட்டுவார்கள், மறுபடியும் பார்ப்பார்கள். வலை போட்டால் தெரிந்துவிடுகிற விஷயத்தில் யாருக்கும் சண்டையில்லை.

எண்ணூர் கதை வேறு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, உர ஆலை ஒன்றிலிருந்து கடலுக்குள் போகும் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மிக்ஜாம் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றில் எண்ணெய் பரவியதும் அதே மாதம்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கை மறைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்: ஆலை வாசலில் காற்றில் அமோனியா கனமீட்டருக்கு 2090 மைக்ரோகிராம், இருக்க வேண்டியது 400. கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், இருக்க வேண்டியது 5.

மீன் விற்கிற அக்கா ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "2090ன்னா இன்னா சார்? வூட்டுக்குப் போலாமா, கூடாதா?"

அந்த 400 என்பது ஒரு நாள் முழுக்க அளந்து எடுக்கும் சராசரி. நடுராத்திரியில் மூச்சு முட்டுகிறவளுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும், ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொள், காற்று வீசும் திக்கிலேயே ஓடாமல் குறுக்கே விலகிப் போ. அவளுக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். பள்ளிக்கூடப் பாடத்தைத் தாண்டி ஒன்றுமில்லை, நான் வருஷக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப் போட்டதுதான்.

உங்கள் விஞ்ஞானி ஆட்களைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாட்டிலில் தண்ணி மொண்டுபோவார்கள். முடிவு இங்கிலீஷ் பிடிஎஃப் ஆக எங்கேயோ கிடக்கும். ஆற்றில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் காட்டுக்குப்பத்தில் இருக்கிறார்கள். சேறு எப்போது மாறியது, நண்டு எந்தப் பக்கம் அற்றுப்போனது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களிடம் கேட்டுவிட்டு மொண்டால் எங்கே மொள்ள வேண்டும் என்றாவது தெரியும். முடிவையும் அவர்களிடமே முதலில் வந்து சொல்லலாம்.

தை மாசம் வருகிறாய் அல்லவா? மெட்ரோவில் விம்கோ நகர் வந்து இறங்கு, நான் வந்து கூட்டிப்போகிறேன். காட்டுக்குப்பத்தில் ஒரு சாயங்காலம் உட்காரலாம். லேப்டாப் வேண்டாம். கேள்விகளை அவர்கள் வைத்திருக்கிறார்கள். ராத்திரி வஞ்சிரம் வறுவல் என் செலவு.

அன்புடன்,
தனசேகரன்