பெட்டி கட்டுவதற்கு முன்னால், செல்விக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. மார்கழியில் பேரனோடு வருகிறாய் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு மூட்டுவலி இப்போது தேவலையா? இங்கே நல்ல மழை, வாய்க்கால் நிறையத் தண்ணீர். கொல்லையில் நார்த்தை காய்த்துத் தொங்குகிறது. நீ திரும்பிப் போவதற்குள் ஊறுகாய் ஊறிவிடும். அதை விமானத்தில் கைப்பையில் எடுத்துப்போகலாமா என்று கேட்டிருந்தாய். கூடாதுடி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், மனதில் இருப்பதையும் சேர்த்து.

நாத்தனார் மகளுக்குப் பிரசவம் என்று அவரோடு நானும் சிங்கப்பூர் போய்வந்தேன். பெட்டியைக் கட்டி எடையும் போட்ட பிறகு, தன் கையால் கிளறிய பிரசவ லேகியத்தை, உடைந்துவிடுமோ என்று கைப்பையில் வைத்துக்கொண்டார். விமான நிலையச் சோதனையில் அந்தப் பையைத் தனியாக ஒதுக்கினார்கள். பெண் அதிகாரி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூடியைத் திறந்து மோந்தும் பார்த்தார். சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த வாசனை பின்னால் நின்றவர்கள் வரை எட்டியது. அரைப் பாட்டில்தான் இருக்கிறது என்று நாத்தனார் கெஞ்சுகிறார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. இவருக்கோ இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. நடுவில் நின்று நான்தான் சொன்னேன்: உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில்லை, பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு, 100 மில்லிக்கு மேல் போகக் கூடாது என்று. லேகியம் குப்பைத்தொட்டிக்குப் போனது. விமானத்தில் ஏறும்வரை நாத்தனார் பேசவே இல்லை.

அந்தப் பெண் தன் வேலையைத்தான் செய்தார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைப்பேறு பார்க்கக் கிளம்புகிற நம் வயதுப் பெண்களுக்கு இதை வீட்டிலேயே, அவர்களுக்குப் புரிகிற மொழியில் யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. டிக்கெட்டில் எங்கோ பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தால் போதுமா? லேகியமும் நெய்யும் தயிரும் பற்பசையும்கூட திரவக் கணக்கில்தான் வரும் என்று யாருக்குத் தோன்றும்?

விதியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 2006 ஆகஸ்டில் நீ இங்கிலாந்தில்தான் இருந்தாய். லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகும் விமானங்களைக் குளிர்பான பாட்டில்களில் வெடிதிரவம் கொண்டுபோய்த் தகர்க்கத் திட்டமிட்டவர்களைப் பிடித்தார்கள். அதற்கு அவர்கள் நம்பியிருந்தது ஹைட்ரஜன் பெராக்சைடை. வகுப்பில் எத்தனையோ வருஷம் நான் பாடம் எடுத்த அதே பொருள். படித்தபோது கை நடுங்கிவிட்டது. 1994-இல் பிலிப்பைன்ஸ் விமானத்தில் கான்டாக்ட் லென்ஸ் திரவ பாட்டிலில் வெடிமருந்து ஏறி, ஒரு பயணி உயிரிழந்ததும் நடந்திருக்கிறது. 2006-இல் முதலில் எல்லாத் திரவத்தையும் அடியோடு தடுத்தார்கள். குழந்தையின் பாலைத் தாய் குடித்துக்காட்டித்தான் உள்ளே போக முடிந்தது. சில வாரங்களில் தளர்த்தி, 100 மில்லிக்கு மிகாத பாட்டில்கள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பையில் அடங்க வேண்டும், ஆளுக்கு ஒரு பை என்று கொண்டுவந்தார்கள். உள்ளே இருப்பதை நின்று அளந்துகொண்டிருக்க முடியாது, அதனால்தான் பாட்டிலின் அளவு.

சாதாரண எக்ஸ்ரேயில் படம் தட்டையாகத்தான் விழும். தண்ணீரையும் ஆபத்தான திரவத்தையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆஸ்பத்திரி சிடி ஸ்கேன் மாதிரி சுற்றிச் சுற்றி எடுக்கும் புது இயந்திரம், பாட்டிலுக்குள் இருப்பதன் அடர்த்தியையே கணக்கிட்டுவிடுகிறது. உங்கள் பர்மிங்காம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் 2 லிட்டர் வரை விட ஆரம்பித்தது அதனால்தான். ஆனால் அதை நம்பி நிறைத்துக்கொண்டு வராதே. நடுவில் விமானம் மாறும் ஊரில் மறுபடி சோதிப்பார்கள், அங்கே 100 என்றால் 100தான்.

விதி போட்டவர்கள் ஒரு பொருளைப் புரிந்துகொண்டால் வழியும் பிறக்கிறது. நம் ஊர் விமானங்களில் தேங்காயைக் கையில் கொண்டுபோக விடுவதில்லை. 2024-இல் சபரிமலைக்குப் போகிறவர்களின் இருமுடித் தேங்காயை மட்டும், எக்ஸ்ரே போட்டு, வெடிமருந்துச் சோதனையும் செய்து, மண்டல காலத்திலிருந்து மகரவிளக்கு முடியும்வரை அனுமதித்தார்கள். செய்தியைப் படித்தபோது நெஞ்சு குளிர்ந்தது. அந்த அக்கறை பிரசவ மருந்து சுமந்து போகிற பாட்டிகளுக்கும் கிடைக்க வேண்டும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பேரனுக்கு வழியில் வேண்டிய பாலுக்கும் அண்ணனின் இன்சுலினுக்கும் விலக்கு உண்டு. மருத்துவரின் சீட்டைக் கையோடு வை, கேட்பதற்கு முன்னால் நீயே எடுத்துக் காட்டு. திரும்பும்போது ஊறுகாயை இரண்டு உறை போட்டுப் பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துக் கட்டுவோம். பொடி வகைகளும் பெட்டியிலேயே இருக்கட்டும். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், உங்கள் நாட்டுக்குள் பால் பொருளை இங்கிருந்து கொண்டுபோக விடமாட்டார்கள். இங்கே இருக்கும்போது ஆசை தீரச் சாப்பிட்டுவிட்டுப் போ.

அப்புறம் ஒரு வேலை. எதைக் கையில் வைக்கலாம், எதைப் பெட்டியில் போட வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள் எழுதியிருக்கிறேன். கடைத்தெருவில் டிக்கெட் போடுகிறவர் நகல் எடுத்து டிக்கெட்டோடு கொடுக்கச் சம்மதித்துவிட்டார். இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கத்திய விஷயங்களைச் சரிபார்த்து, விட்டுப்போனதைச் சேர்த்து, தை மாதத்துக்கு முன் அனுப்பிவை.

அன்புடன்,
மல்லிகா