வந்தாறுமூலை வளாகத்துக்கு ஊரிலிருந்து ஒரு மடல்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீட ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம்.

மாதத்தில் ஒரு நாள், ஊர்ச் சனமும் வந்து உட்கார்ந்து கேட்கக்கூடிய வாசிப்பு அரங்கு ஒன்றை நீங்கள் நடத்த வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். ஒருவர் கதையோ கவிதையோ வாய்விட்டு வாசிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் அதைப் பற்றிப் பேசுவோம். கேட்பது இவ்வளவுதான்.

நம் மட்டக்களப்புப் பக்கத்தில் இலக்கியக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. நூல் வெளியீடுகள் நிறையவே நடக்கின்றன. விளக்கேற்றி, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நயவுரை எல்லாம் முடிந்து, முதற்பிரதி கொடுத்துப் பொன்னாடையும் போர்த்தி, எழுதியவர் ஏற்புரைக்கு எழும்பும்போது பின்வரிசைக் கதிரைகள் காலியாகிவிடும். அந்தப் புத்தகத்தைப் பற்றி எவ்வளவோ கேட்டிருப்போம். புத்தகத்திலிருந்து ஒரு பக்கமாவது கேட்டிருக்க மாட்டோம். பேச வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் அன்போடுதான் வருகிறார்கள். ஆனால் எழுத்தைக் காதால் கேட்க ஓரிடம் வேண்டும்.

கேட்கிற பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கோடு, கண்ணகி கதையைப் பாடும் வழக்குரையும் வந்துவிடும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்புத் திருவிழாவான தீப்பள்ளயம் வந்தால் பதினெட்டு நாளும் பாரதக் கதைதான். வடமோடி, தென்மோடிக் கூத்துகளை விடிய விடியப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் இன்றைக்கும் அவற்றின் பாட்டுகளான தருவையும் விருத்தத்தையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். முஸ்லிம் ஊர்களில் பெண்கள் கட்டிய கவிகளை வாயிலேயே வைத்திருக்கும் உம்மம்மாமார் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட சனத்துக்கு இலக்கியம் கேட்கத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? இன்றைய சிறுகதையும் கவிதையும்தான் அவர்கள் காதுவரை வரவில்லை. கவிஞர் நீலாவணன் கல்முனைப் பக்கத்துக்காரர், கவிதை நாடகமும் எழுதியவர், ஓசைக்காகவே வாய்விட்டுப் படிக்க வேண்டியவர். பாடத்துக்காக அவரைப் படித்த பிள்ளைகள் பலர் இருப்பார்கள். யாராவது நிறுத்தி நிதானமாக வாசிக்கக் கேட்ட பிள்ளைகள் எத்தனை பேர்?

என் அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும் கதையை நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி தன் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கதை, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன மகளின் போன் கோலுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயைப் பற்றியது. ஒரு பத்தி முடித்து நிமிர்ந்தபோது மாமி வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, சுளகை மடியில் வைத்தபடி குந்தியிருந்தார். "மறுகா என்னவாம் புள்ள? கோல் வந்திச்சா?" என்றார். கோல் வரவில்லை, கதை அதோடு முடிகிறது என்றேன். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுதினவருக்குப் புள்ளகுட்டி இல்லியா?" என்று கேட்டார். அம்மாவோ, கோல் வந்திருந்தால் அதை ஏன் எழுதப்போகிறார், வராதபடியால்தான் எழுதினார் என்று வாதாடினார். அன்று பகல் சமையல் பிந்தியது. மாமி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கதைக்கு அப்படி ஒரு முடிவு தகுமா தகாதா என்ற கேள்வியை உங்கள் வகுப்பறையிலும் கேட்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு பேச்சும் ஒரே இடத்தில் நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

உங்கள் வளாகம் ஊருக்கு அந்நியமான இடமும் இல்லை. 1981 ஆகஸ்ட் 1 அன்று மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் இடத்தில்தான். 1986 ஒக்டோபரில் அது பல்கலைக்கழகமானது. 1990இல் சண்டை மூண்டபோது சுற்றுவட்டாரச் சனம் அடைக்கலம் தேடி ஓடியதும் அங்கேதான். செப்டம்பர் 5 அன்று அந்த அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் பிள்ளைகளும் இந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள். அந்த வாசலைத் தாண்டுவது அவர்களுக்குச் சும்மா ஒரு காரியமில்லை. வாருங்கள், எங்களோடு இருந்து கேளுங்கள் என்று நீங்கள் கூப்பிட்டால், அந்த அழைப்புக்கு அறிவித்தல் பலகையில் ஒட்டும் தாளைவிட எவ்வளவோ பெறுமதி இருக்கும்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். வேலை நாளில் வைக்காதீர்கள். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடித்தால் பெண்கள் இருட்டுவதற்கு முன் பஸ் பிடித்து வீடு போய்ச் சேரலாம். நோன்பு மாதத்தில் ஏறாவூரிலிருந்து வருகிறவர்கள் நோன்பு திறக்க வீட்டில் இருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் ஊர்ப் பெயர் கேட்டு அழைத்துப்போக இரண்டு மாணவர்கள் நின்றால் போதும். அடையாள அட்டையைத் தேடிப் பதறும் வயதான மனுசர்கள் வருவார்கள். மேடை வேண்டாம். விருந்தினராக வரும் எழுத்தாளரோடு ஒரு மாணவரும் ஊர்க்காரர் ஒருவரும் வாசிக்கட்டும். பிளேன்டீ கொடுத்தால் பேச்சு தானாக வரும். ஒவ்வொரு அமர்வையும் போனிலாவது பதிவுசெய்து நூலகத்தில் வையுங்கள். நம் பேச்சுத் தமிழைப் பற்றி ஆய்வு செய்ய வரும் பிள்ளைகளுக்கு இந்தக் குரல்களைவிட நல்ல சான்று கிடைக்காது.

எல்லா மாதமும் வளாகத்துக்குள்ளேயே நடக்க வேண்டியதில்லை. கொம்மாதுறை, சித்தாண்டி, ஏறாவூர் என்று நீங்களும் வெளியே வாருங்கள். விபுலானந்த அடிகள் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பழந்தமிழ் இசையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதிய யாழ் நூலை 1947இல் அவர் அரங்கேற்றியது தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில். அவ்வளவு பெரிய ஆய்வே பல்கலைக்கழகத்துக்கு வெளியே வந்தது என்றால், ஒரு சிறுகதை ஊர் நூலகத்து விறாந்தைக்கு வரலாம்.

மாணவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. யாழ்ப்பாணம், வன்னி, மலையகம் என்று எங்கெங்கோ இருந்து வந்து எங்கள் வீடுகளில் அறை எடுத்துத் தங்குகிறீர்கள். படித்து முடித்துப் போகும்வரை உங்கள் ஊர்க் கதை எதையும் நாங்கள் கேட்டதில்லை. ஆசையாக இருக்கிறது, வந்து வாசியுங்கள்.

முதல் அமர்வை மாசி அறுவடை முடிந்து, சித்திரைப் புதுவருடத்துக்கு முன் வைத்தால் வயல்காரர்களும் வருவார்கள். வெளியே ஓர் அமர்வு வைக்க விரும்பினால் எங்கள் வீட்டு முற்றம் இருக்கிறது. மாமரம் இருக்கிறபடியால் கொட்டகை தேவையில்லை. கதிரைகளுக்கு நான் பொறுப்பு.

அன்புடன்,
சித்தாண்டியிலிருந்து ஒரு வாசகி