டார்க்கி போகும் குடும்பங்களுக்கு

வணக்கம். இங்கிலாந்தின் கடற்கரை ஊரான டார்க்கிக்குப் போகும்போது, அங்கே லிவிங் கோஸ்ட்ஸ் என்ற கடலோர உயிரினக் காட்சியகத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது 2020-இலேயே நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. கொரோனா ஊரடங்கில் அடைத்த கதவு, அப்புறம் திறக்கவே இல்லை. வருமானம் நின்றுபோனதில் நடத்திவந்த அறக்கட்டளையால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

நல்ல இடம். 2003-இல் திறந்தார்கள். கடலை ஒட்டியே பெரிய வலைக்கூரை போட்டு, உள்ளே பஃபின் பறவைகளைப் பறக்கவிட்டிருந்தார்கள். பெங்குவின் தண்ணீருக்குள் பாய்வதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். பிள்ளைகள் அந்தக் கண்ணாடியை விட்டு நகரமாட்டார்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உயிரினங்களுக்கு வேறு காட்சியகங்களில் இடம் தேடிக் கொடுத்தார்கள்.

சரி, அதற்குப் பதிலாகப் பக்கத்து ஊரான பெய்ன்டனில் அதே அறக்கட்டளையின் விலங்குக்காட்சிசாலைக்குப் போகலாம். சம்மதம் என்றால் ஆட்கள் எண்ணிக்கையை இங்கேயே எழுதுங்கள்.